லைட் ஷேடு

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி கண்ணாடித் துண்டு ஒன்றை நீட்டி, "மேடம், நல்லா டார்க்கா வந்துருக்குதுங்க. ஆனா கரண்ட்டே வரலீங்க" என்றாள். வயலட் நிறம் அப்பிக்கிடந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் உன் ஞாபகம்தான்.

திருப்பூர்ச் சாயப்பட்டறை வீட்டுப் பெண்கள் நாம் இருவரும் சோலார் செல் செய்யப் போனால் வேறென்ன நடக்கும்? வெயிலைக் குடித்து மின்சாரம் தரும் பிளாஸ்டிக் அது. கரைசலில் ஆரஞ்சு, கண்ணாடியில் பூசிக் காய்ந்தால் வயலட். "பொறு புள்ள, காஞ்சாத்தான் ஷேடு தெரியும்" என்று பனியன் துணியைப் பார்ப்பதுபோல ஜன்னலோரம் தூக்கிப் பார்ப்பாய். நிறம் அடர்ந்தால்தான் வெயிலை நிறையக் குடிக்கும் என்பது உன் கட்சி.

அப்படித்தான் ஒருமுறை, மறுநாள் நிதிக் குழு வருவதாக இருந்தது. ஒரு செல்லாவது வேலை செய்யாவிட்டால் நம் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள். நீ பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றினாய். மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. பாட்டிலின் அடியில் கரைசல் கொஞ்சம்தான் மிச்சம். நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மிச்சச் சாயத்தை எங்கூட்ல கொட்டவே மாட்டாங்க. லைட் ஷேடு ஒண்ணு போட்ருவோம்" என்று கரைப்பானை ஊற்றி நீர்க்கச்செய்து, ஒரே ஒரு பூச்சு பூசினாய். குழு வந்து நிற்கையில்தான் அந்தச் செல்லை வெயிலில் வைத்தோம். எண் எகிறியது! "எப்படிம்மா இவ்வளவு மெலிசா?" என்றார் தலைவர். "லைட்டுக்கு லைட் ஷேடுதானுங்க சார்" என்றாய். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தடித்த பூச்சில் பிறக்கும் மின்சாரம் வெளியே வருவதற்குள் உள்ளேயே தொலைந்துவிடும் என்பது நமக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதன்பிறகு எந்தக் கருத்தரங்கிலும் நீ அந்த ஜோக்கைச் சொல்லாமல் விட்டதில்லை. "போதும்டி" என்று மேசைக்கடியில் உன் காலை மிதிப்பேன்.

நீ போய்ச்சேர்ந்தபின் உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் சண்டை பிடித்தேன். இப்போது இந்த மாணவிதான் உட்காருகிறாள். கரைசலை நீர்க்கவிட்டு மறுபடி பூசச் சொன்னேன். மாலை வெயிலில், "வந்துருச்சுங்க மேடம்!" என்று கத்தினாள்.

"லைட்டுக்கு லைட் ஷேடுதான் கண்ணு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, யாராவது என் காலை மிதிக்கமாட்டார்களா என்று இருந்தது.