ஃபாமே என்று எழுதிய தட்டுகள்

இன்று காலை, இத்தாலியில் நான் குடியிருக்கும் சீசா என்ற பகுதியில், பாண் கடையைத் தாண்டும்போது ஈஸ்ட் மணம் வந்தது. ஐம்பது தாண்டியவள், அடுத்த தெருவால் சுற்றிப் போனேன். உன்னை அடக்கம் செய்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் விடியற்காலையில் கூட்டித் துடைத்த ஆய்வுகூடத்தில், அமீபாக்களுக்கு வார்க்கும் தீனிக்கும் இதே மணம்தான். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள் நீ. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சிஞ்ஞோரா வருமுன் நுணுக்குக்காட்டியில் என் தலையைப் பிடித்து அழுத்துவாய். நானோ கதவையே பார்ப்பேன்.

"பயந்தாங்கொள்ளி, இஞ்சை பார். மற்ற அமீபா விடுற இரசாயனம் இந்தப் பக்கத்தாலை வருது. உடனை உள்ளுக்கை இருக்கிற நாரையெல்லாம் அவிட்டு, வாற பக்கம் கட்டுது. அந்தப் பக்கம் கால் முளைக்குது. ஊரிலை இடம்பெயரேக்கை எங்கடை கொட்டில் மாதிரித்தான், பிடுங்கிப் பிடுங்கி நடுறது."

ஒருநாள் தட்டுகளின் மேல் "ஃபாமே" என்று எழுதியிருந்தது. பசி. இத்தாலி மொழியில் நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று. பசி என்று எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார்களே, என்ன மனிதர்கள்! நீ தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் தீனிப் போத்தலை எடுத்து எல்லாத் தட்டுகளுக்கும் வார்த்தேன்.

வேண்டுமென்றே பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று யார் கண்டது? பசித்தால்தான் அவை அந்த இரசாயனத்தின் பக்கம் திரும்புமாம். மறுநாள் சிஞ்ஞோரா ஊசிமுனையால் இரசாயனம் விட்டுப் பார்த்தார். வயிறு நிறைந்தவை ஒன்றும் திரும்பவில்லை.

யார் செய்தது என்று கத்தினார். நான் கதவைப் பார்த்தேன். இந்த நாட்டில் நான் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவுக்கு அவர் அந்தக் கிழமைதான் கையெழுத்துப் போட இருந்தார். வேலை போனால் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், எதைக் காட்டுவேன்? மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் மட்டும் கூப்பிட்டேன்.

"நான்தான், சிஞ்ஞோரா," என்றாய் நீ.

உன்னை அன்றே நிற்பாட்டிவிட்டார். படிக்கட்டில் நான் அழ, நீ அதட்டினாய். "விசரி, உனக்குப் பேப்பர் இல்லை, எனக்கு இருக்கு. நான் வேறை வேலை எடுப்பன். ஒருத்தரிட்டையும் கதையாதை." பிறகு காலமெல்லாம் லிபெர்த்தாத் தெருவின் பணக்கார வீடுகளில் கிழவிகளைக் குளிப்பாட்டினாய். நுணுக்குக்காட்டிக்குக் கிட்ட நீ மறுபடி போகவேயில்லை.

அடக்கம் முடிந்ததும் உன் மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா அமீபாவுக்குச் சாப்பாடு குடுத்துத்தானே வேலை போனது, அன்ரி? படிச்ச மனிசி, எப்பிடி அப்பிடி ஒரு பிழை விட்டவ?" என்று அழுகைக்குள்ளும் சிரித்தாள்.

இப்போது என்னிடம் பெர்மெஸ்ஸோ என்ன, குடியுரிமையே இருக்கிறது. என்னை யார் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் அன்றுபோலவே என் கண் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குப் போனது.

"ஓம் பிள்ளை," என்றேன். "எல்லாருக்கும் பிழை வாறதுதானே."