பேசாத வக்கீல்

மூத்தவளின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன மாதம் கிரேன் கொக்கி பட்டு என் இடது கையில் சின்ன அடி. இரண்டு விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான். என் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிவிட்டது. முப்பது வருடத்தில் நான் வாங்காத பெயர். விடுவேனா, வழக்குப் போட்டுவிட்டேன்.

தொழிலாளர் சங்கம் அனுப்பிய வக்கீல் என் கையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "நான் சொலிசிட்டர், பெரியவரே. கேஸை எழுதித் தருவேன். இந்த நாட்டுல கோர்ட்டுல பேசறவர் பாரிஸ்டர், அவர் வேற," என்றார்.

"பொண்ணு பார்க்கறது ஒருத்தர், தாலி கட்டறது இன்னொருத்தரா?" என்றேன். கம்பெனி ஆளோ என்று சந்தேகம். அகராதியைப் புரட்டினால் இரண்டு சொல்லும் இருக்கின்றன. அகராதியையும் நான் முழுதாக நம்புவதில்லை. பாரிஸ்டர் வந்து கையைப் பார்க்கும்வரை அவர் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து கிடையாது என்றுவிட்டேன்.

நேற்று அந்தப் பாரிஸ்டர் அம்மாள் வந்தார். விரலை மெதுவாக மடக்கிப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டார். இங்கே டாக்டர்கூட அப்படிக் கேட்கவில்லை. அதுவும் வக்கீல் தந்திரமாக இருக்கலாம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அடுத்த மாதம். பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. பொத்தான் போட்டுவிடச் சொல்லி இங்கே யாரிடம் கேட்பது? கம்பெனி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்