போர்வை நுனியில் கட்டிய மணி

பிளாக் மேசா மேட்டுநிலம்,
ஆடுகள் குட்டி போடும் மாதம்.

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாய் வழியில் கசப்புநீர்க் குலம், தந்தை வழியில் உப்புக் குலம் என்று என்னைச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு இப்போது குலம் சொல்வது வேடிக்கைதான். ஆனால் உங்களிடம் நேராக நான் சொல்லும் முதல் வார்த்தை இது, முறைப்படி இருக்கட்டும். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் போய்விடும், பேசவும் கூடாது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கடிதத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டும் ஹோஸ்கி தம்பி, நிதானமாகப் படி. உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

இங்கே எல்லோரும் சுகம். சாம்பல் ஆடு இரண்டு குட்டி போட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டது. மகள் கிளெனிபா அதற்குப் புட்டிப்பால் கொடுக்கிறாள். காற்றில் உங்கள் வீட்டுப் புகைக்குழாய் சாய்ந்துவிட்டது. நான் நிமிர்த்தினேன், இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

உங்களுக்குக் கண்ணில் புகை படர்ந்தாற்போல் இருப்பதாகவும், ரயில் பாதை வேலையில் ஆணிகூடச் சரியாகத் தெரிவதில்லை என்றும் கிளெனிபா சொன்னாள். ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன், ஊருக்கும் வர மாட்டேன் என்கிறீர்களாம். “அன்னைக்குப் பனியில அத்தை முகத்தப் பார்த்துட்டேன், அதோட வினை. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், கை வெறைச்சுப் போச்சு. திரும்பப் போய் எதிர்ல பட்டா அவங்க கண்ணும் போயிடும்” என்றீர்களாம்.

மாப்பிள்ளை, என் கை விறைக்கவில்லை.

நான் வருவது தெரிந்து நீங்கள் விலகிப் போவதற்காகத்தானே போர்வை நுனியில் வெள்ளி மணி கட்டியிருக்கிறேன்? அன்றைக்குப் பனிப்புயலில் ஆட்டைத் தேடிப் போய்க் கால் பிசகி விழுந்து கிடந்தபோது அந்த மணியைத்தான் ஆட்டினேன். ஓடிப்போக வேண்டிய சத்தத்தைத் தேடிக்கொண்டு வந்தீர்கள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “போர்வைய முகத்து மேல போட்டுக்கங்க, தூக்கப் போறேன். போட்டாச்சா?” என்று கத்தினீர்கள். போர்வை என் கையில்தான் இருந்தது. நான் போடவில்லை. பதிலும் சொல்லவில்லை. இந்தப் புயலில் எனக்காக வந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டேன். போட்டுக்கொண்டேன் என்று நம்பித் தொப்பியைத் தூக்கினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், கை விறைத்துப் போர்வையைப் போட முடியவில்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊசியில் நூல் கோக்கிறேன். ஆசைப்பட்டவள் நான், தண்டனை உங்களுக்கு.

நோய் தீரச் சடங்குப் பாட்டுப் பாடும் பெரியவரிடம் போன வாரம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். “பொய்ய வெச்சுக்கிட்டு நான் எந்தப் பாட்டப் பாடறது? அவர வரச் சொல்லு. கண் டாக்டரையும் பாக்கச் சொல்லு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்ல” என்றார். சடங்கு விருந்துக்கு என் ஆடுகளையே தருகிறேன். கிளெனிபாவிடமும் சொல்லியாயிற்று. அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான்.

என் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் பயமில்லாமல் உங்கள் வீட்டுக்கு வரலாம். நீங்கள் நடக்கும் வழி முன்னும் பின்னும் நன்றாக இருக்கட்டும். பஸ் நிற்கும் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் இப்போது பள்ளம் விழுந்திருக்கிறது. கண் தெரியாமல் தடுமாறினால் மணிச்சத்தம் கேட்கும். இந்த ஒரு தடவை விலகிப் போகாதீர்கள், அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள். வீடு வரை முன்னால் நடப்பேன். நிஜமாகவே முகத்தை மூடிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாய்