உள்ளங்கைச் சீனி

குவைத்,
2007 ஐப்பசி.

அன்புள்ள செல்லாயிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இணையத்தில் தேநீர்ப் பிரியர்கள் கூடும் தமிழ்ப் பக்கத்தில் தினமும் எழுதுகிறேன் என்றேனே, அங்கே ஒரு சிறு சண்டை. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு பாலில்லாத வெறும் தேயிலைச் சாயம் குடிப்பதுதான் ருசி என்றேன். காட்டுப் பழக்கம் என்றான் ஒருவன். கரைத்துக் குடிக்கிறவனுக்கு நாக்கே இல்லை என்று திருப்பி எழுதினேன். மன்னிப்புக் கேட்காவிட்டால் பக்கத்தை நடத்துகிறவர்கள் என்னை நீக்குவார்களாம்.

"ஒரு வரி எழுதிட்டுப் போங்க பெரியவரே. அந்தியில வேற யாரோட பேசுவீங்க?" என்றான் அறைத்தோழன் ஜெயகாந்தன்.

எழுதவில்லை. நீக்கிவிட்டார்கள். சீனி கரைத்த அந்தப் பாயாசத்தையே அவர்கள் குடித்துத் தொலையட்டும்.

தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் அனுப்பு. ஹட்டன் டவுனுக்குப் போனால் டெலிபோன் கடையிலிருந்து பேசு. அந்தி முழுக்க இப்போது சும்மாதான் இருக்கிறேன்.

தபாலுக்குப் போகிறவன் வாசலில் நிற்கிறான்.

அங்கமுத்து