அம்மா சௌனாவுக்குப் போகாத சனிக்கிழமை

அன்புள்ள ரீக்கா அக்காவுக்கு,

அம்மாவின் முகம் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் பெர்த் வெயிலில் வாடாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வியாழக்கிழமை மாலை நான் முதலில் கவனித்தது அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத்தான். அது சர்க்கரை டப்பாவின்மேல் கிடந்தது. மூக்கில் மாட்டினால் எரிகிறதாம். அதனால்தான் இந்த வாரக் கடிதத்தை அம்மா சொல்ல நான் எழுதுகிறேன், அவளால் படித்துப் பார்க்க முடியாது என்பதால் அவள் சொல்லாததையும் எழுதுகிறேன்.

எல்லாம் நீ அனுப்பிய போட்டோவால் வந்தது. உன் மாமியாராகப் போகிறவருக்கு அறுபது வயதாம், கன்னம் மட்டும் உரித்த முட்டை. கிறிஸ்துமஸுக்கு அவர் வரும்போது பக்கத்தில் நான் உருளைக்கிழங்குத் தோலோடு நிற்பதா என்று கேட்டுவிட்டு, அம்மா யாரிடமும் சொல்லாமல் குவோப்பியோ நகரத்துக்கு பஸ் ஏறி மைக்ரோநீட்லிங் செய்துகொண்டு வந்துவிட்டாள். பேனா மாதிரி ஒரு கருவி, முனையில் பொடிப்பொடி ஊசிகள், குத்திய இடமெல்லாம் தோல் புதிதாக வளருமாம். ஒரு வாரம் சூடு கூடாது, வியர்க்கக் கூடாது என்று ஊசி குத்திய பெண் சொன்னதற்கெல்லாம் அம்மா தலையாட்டியிருக்கிறாள். சனிக்கிழமை அப்பாவின் புது சௌனாவை முதன்முதலாகச் சூடாக்கப்போகிறோம் என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் நினைவு வந்ததாம்.

கோடை முழுதும் அப்பா ஒற்றை ஆளாக ஏரிக்கரையில் கட்டிய நீராவிக் குளியல் அறை அது. அடுப்பின்மேல் சூடான கல்லில் முதல் கரண்டித் தண்ணீரை அம்மாதான் ஊற்ற வேண்டும் என்று எங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. சனிக்கிழமை வந்ததும் அம்மா வயிற்றுவலி என்றாள். "சௌனாவுல உக்காந்தா போகாத வயித்துவலி எங்கடி இருக்கு?" என்றார். பிறகு அவள் சிவந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓஹோ, என் தங்கச்சி வீட்டு சௌனாவுக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்றார். ஊசி விஷயத்தை அம்மா சொல்லாமல் மறைத்துவிட்டாள். அந்தத் தங்கை பிர்க்கோ அத்தை புருவத்துக்குச் சாயம் போட்ட நாளிலிருந்து அப்பா அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுகிறார், தனக்கு என்ன பெயர் வைப்பாரோ என்று அம்மாவுக்குப் பயம். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். அப்பா தனியாக உள்ளே போய், கல்லில் ஒரு சொட்டு ஊற்றாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். "பிர்க்கோ வீட்டு சௌனாதான் ஒசத்தின்னா இந்த அடுப்பு எனக்கெதுக்கு? நாளைக்கு அவ புருஷனே வந்து கழட்டிட்டுப் போகட்டும்" என்று எங்களிடம் சொல்லி, அத்தை வீட்டுக்கும் போனில் சொல்லிவிட்டார். அம்மா திரைக்குப் பின்னால் நின்று அழப் பார்த்தாள், கண்ணீரும் எரிந்ததால் நிறுத்திவிட்டாள்.

இனி அம்மா சொன்னது: வேளைக்குச் சாப்பிடு. அங்கே என்ன வெயிலானாலும் கம்பளிக் காலுறையைத் தூக்கிப் போடாதே. மாமியாரிடம் என் வயதைச் சொல்லிவிடாதே, மறக்காதே. கடவுள் உங்கள் இருவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதிய,
சில்யா

பள்ளியை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியது இதுதான். அப்பாவிடம் நேராகப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். அவரும் எழுதட்டும் என்று கீழே நாலு வரிக்கு இடம் விட்டு, உறையை ஒட்டாமல், மேலே உள்ளதைப் படிக்க அவருடைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, அவர் இருக்கும் ஏரிக்கரைக்குப் போகிறேன்.