வெறுங்கால் விருந்து

நோவி சாத், டிசம்பர்

அப்பா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்காமல் அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருப்பீர்கள், தெரியும். நான் நன்றாக இருக்கிறேன்.

ஒப்ராட் மாமா வீட்டில் குளிர் தெரியாமலிருக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டி, புது பாய்லர் மாட்டினேன் என்று எழுதினேனே, நேற்று அங்கே புனித நிக்கோலா விருந்து. நடுவில் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"வீடு ஐஸா கெடக்கு! பாதிரியார் கோட்டைக் கழட்டாம சாப்பிடுறாரு. பொம்பளையை நம்பிக் குழாய் வேலை குடுத்தேன் பாரு!"

ஓடினேன். பாய்லரில் ஒரு குறையும் இல்லை. தரையைத்தான் காணோம். விருந்தாளிக்கு வெறுந்தரையைக் காட்டினால் மானம் போகுமென்று, வீட்டிலிருந்த கம்பளத்தையெல்லாம் மாமாவின் மனைவி ஸ்டாமெனா அத்தை அடுக்கடுக்காக விரித்திருந்தார். சூடெல்லாம் அடியில் சிக்கிக் கிடந்தது.

கம்பளங்களைச் சுருட்டினேன். "செருப்பைக் கழட்டிட்டுக் கால வைங்க மாமா."

"வெறுங்காலோடயா? குளிர் ஏறிக் கிட்னி போயிடும்மா!"

"போச்சுன்னா என்னோடதைத் தரேன்."

கால் வைத்தவர் அந்த இதமான சூட்டை விட்டு நகரவே இல்லை. அப்புறம் பாதிரியார் காலுறையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் விருந்து முழுக்க வெறுங்கால்தான்! மாமா என் கிளாஸில் பிளம் சாராயம் ஊற்றி, "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றார். இன்னும் மூன்று வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. "பொண்ணுக்கு எதுக்குக் குழாய் வேலை?" என்று சிரித்த உங்கள் நண்பர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இதை மட்டும் படிக்காதீர்கள்: பஸ் டிரைவரிடம் அம்மா பின்னிய கம்பளிக் காலுறையைக் கொடுத்தனுப்புங்கள். என் வாடகை அறையில் தரையில் கால் வைக்க முடியவில்லை.

அடுத்த வீட்டு வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் குழாய்க்காரி,
யெலிட்சா