கூட்டு ரோட்டில் நின்ற கம்பெனி பஸ்

என் நைனாவுக்கு,

இல்லை, கட்டுரையைப் படிக்கிறவர்கள் அழுகிற மாதிரி எழுதவில்லை. முதலில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். ஏன் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன் நைனா. நீ இருந்தபோது இந்தப் பேச்சே வீட்டில் இல்லை. பக்கத்தில் ஏனாத்தூர் கல்லூரியில் சேர்த்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதுதான் உன் ஏற்பாடு. நீ போன பிறகு, எங்கள் பள்ளியில் சிலரைத் தேர்ந்தெடுத்து, சென்னையிலிருந்து நித்யா அக்கா வாராவாரம் வீடியோ காலில் பேச ஆரம்பித்தார். அவரும் அங்கே படித்தவர். முழு உதவித்தொகை தருகிற கல்லூரிகள் உண்டு, ஆனால் நம்மைப் போன்றவர்களில் மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள் என்றார். மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கும். கட்டுரைதான் ஆளைக் காட்டும்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது? இனிஷியலை விரித்து உன் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து கல்லூரிகள் மெயிலில் என்னை மிஸ் ஏகாம்பரம் என்று கூப்பிடுகின்றன. அம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இருந்த வரைக்கும் கரண்டு பில்லு கூட உங்க நைனா பேர்ல வரல. இப்ப அமெரிக்காலேர்ந்து வருதா?"

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை காட்டச் சொன்னாள்.

உன்னை நீயாக்கிய ஒன்றைப் பற்றி எழுது. கட்டுரைக்குக் கேள்வி இவ்வளவுதான். உட்கார்ந்தேன். வந்தது நீ இல்லை. உன் பேனர்.

நம் ஊரில் ஆளைத் தூக்குவதற்குள் பேனர் கட்டிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. செல்வம் சித்தப்பாதான் உனக்குக் கட்டினார். உன் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் புறாக்களும் வைத்து. கீழே ஒரு வரி: 'உயிர் பிரியும் வேளையிலும் பேருந்தை ஓரம் கட்டிப் பெண்களின் உயிர் காத்த தியாகச் சுடரே.' பேனரில் இருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதையே ஆங்கிலத்தில் நீட்டி எழுதினேன்.

"இதுதாம்மா," என்றார் நித்யா அக்கா. "படிக்கிறவங்க கண்டிப்பா அழுதுடுவாங்க. அந்தக் கடைசி நிமிஷத்த மட்டும் இன்னும் கொஞ்சம் விரிச்சு எழுது. கையில ஸ்டீயரிங், பின்னால தூங்கற பொண்ணுங்க..."

விரித்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மாரடைப்பு வந்த அந்த நிமிஷத்தில் நீ எப்படி இருந்தாய்? நீ ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் அன்று வேலைக்குப் போன பெண்களைத்தான் கேட்க வேண்டும். மானாம்பதி கூட்டு ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சுமதி அக்காவைப் பார்க்கப் போனேன். ஷிஃப்ட் முடிந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அமெரிக்காக்காரன் இன்னாத்துக்கு எங்க பஸ்ஸப் பத்திக் கேக்குறான்?"

சொன்னேன். கீரையைக் கீழே வைத்தார்.

"வண்டி ஓடவே இல்ல கண்ணு. எனக்காக நின்னுக்கினு இருந்துச்சு. கொயந்தைக்கு ஜுரம், லேட்டாயிடுச்சு. போன் பண்ணேன். 'ஓடியாராத, மெதுவா வா, நிக்கிறேன்'னாரு அண்ணன். வந்து ஏறி உக்காந்து, 'போலாம்ணா'ன்னேன். கெளம்பல. 'இன்னாண்ணா, தூங்கிட்டியா'ன்னு கிண்டல் வேற பண்ணேன்."

கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

"மத்ததுங்கல்லாம் தூங்கிக்கினு இருந்துச்சுங்க. முயிச்சுப் பாத்தா வண்டி ஓரமா நிக்குது, டிரைவரு சாஞ்சு கெடக்குறாரு. அதுங்களா ஒண்ணு நெனச்சுக்கிச்சுங்க. அண்ணனுக்குப் பெருமைதானேன்னு நானும் இருந்துட்டேன்."

ஆக, நீ யாரையும் காப்பாற்றவில்லை. ஆபத்தே இல்லை. நின்றுகொண்டிருந்தாய், அவ்வளவுதான். யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று கம்பெனி உன்னைக் கண்டித்த பிறகும் நின்றாய். சுமதி அக்கா வருவதைக் கண்ணாடியில் பார்த்தாயா? அதற்கு முன்பே போய்விட்டாயா? வலித்ததா நைனா?

நித்யா அக்காவிடம் சொன்னேன். "உண்மைய எழுதறதுன்னா எழுது. நான் தடுக்கமாட்டேன். ஆனா முதல்ல எழுதினது பவர்ஃபுல்லா இருந்துச்சும்மா. இதுல ஒருத்தர் நிக்கிறார். வேற என்ன இருக்கு?" அவரைக் குறை சொல்லாதே. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனதைப் பார்த்தவர். எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்.

நானும் நினைத்தேன். அதனால்தான் இரண்டு கட்டுரைகளையும் பல நாள் வைத்திருந்தேன். சித்தப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "எய்தும்மா. இன்னா, பொய்யா கீது? ஊரே சொல்லிக்கினு கீது" என்றார். அமெரிக்காவிலிருந்து யாரும் மானாம்பதிக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"நின்னுக்கினு இருந்தாரா?" என்றாள். திரும்பவில்லை. "கல்யாணத்தன்னிக்கும் அப்டித்தான். நேரம் போவுதுன்னு ஐயரு கத்துறாரு. உங்க நைனா தாலியக் கையில வெச்சுக்கினு, 'டிரைவர் பசங்க வந்துக்கினு கீறாங்க, ரெண்டு நிமிசம்'ன்றாரு. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு கய்த்து வலி. எல்லாத்துக்கும் பேஜாரு புடிச்ச மனுசன்."

பானையை நிமிர்த்தினாள்.

"எது நடந்துச்சோ அத எய்து. பேனர்ல கீறவர எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. பள்ளிக்கு நேரமாகும் நாட்களில் நீ என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வாய். ஒவ்வொரு நிறுத்தத்திலும், இன்னும் வராதவர்களுக்காக நிற்பாய். ஈரத் தலையோடு ஒருத்தி, டப்பாவை மூடிக்கொண்டே ஒருத்தி. "போ நைனா, போ நைனா" என்று நான் உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன். நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். இதைத்தான் எழுதினேன். கடைசியாகச் சுமதி அக்காவுக்காக நின்றதையும். முடிவுரை என்று எதுவும் வைக்கவில்லை. நித்யா அக்கா ஆங்கிலத்தை மட்டும் திருத்தி, ஓரத்தில் 'சரி' என்று போட்டிருந்தார்.

கிடைக்குமா, தெரியாது. பழைய கட்டுரைக்குக் கிடைத்திருக்குமோ என்ற நினைப்பு பதில் வரும்வரை இருக்கும். வந்த பிறகும் இருக்கலாம். கிடைத்தால் அம்மா இந்த வீட்டில் தனியாக. அதற்கு நீயாவது ஒரு வழி சொல்லேன்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. சித்தப்பா மறுபடியும் பேனருக்குச் சொல்லியிருக்கிறார். அதே வரி, இன்னும் பெரிய எழுத்தில். அந்த வரி வராது நைனா. உன் படமும் பெயரும் மட்டும் இருக்கும். சித்தப்பா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், பேசுவது என் பொறுப்பு.

இன்று காலை விண்ணப்பத்தை அனுப்பினேன். லேப்டாப்பை மூடிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சித்தப்பா வீட்டுக்கு நடந்தேன்.

உன் பெண்,
கௌரி ஏகாம்பரம்